பைக்குள் அடங்கும் தூண்டில்

டிசம்பர் 3, ஞாயிறு

மீன் பிடிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் தூண்டில் வாங்குவது என்று இன்று முடிவாயிற்று.

போன ஜனவரியில் தாண்டிக்குடிக்கு மேலே, வெள்ளைப்பாறை எஸ்டேட் அணைக்கட்டு ஓரம் கூடாரம் போட்டிருந்தோம். விடிகாலையில் முழங்கை நீளக் கெண்டை ஒன்று தண்ணீருக்கு மேலே எம்பி விழுந்தது. கயல் அன்றிலிருந்து அதைப் பற்றியே பேசுகிறாள். அதைப் பிடித்துச் சுட்டுத் தின்றால்தான் அவளுக்கு மனம் ஆறுமாம். எஸ்டேட் மேனேஜருக்கு எழுதிக் கேட்டேன். ஆளுக்கு இரண்டு மீன் பிடித்துக்கொள்ளலாம், ஜனவரி 26 முதல் 28 வரை, தீ மூட்டுவது மட்டும் அவர்கள் காட்டுகிற இடத்தில் என்று பதில் வந்துவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கூடாரமும் சாப்பாடும் அவள் பொறுப்பு. தூண்டிலும் முதுகுப்பையும் என் பொறுப்பு. பழைய பைகள் இரண்டும் போன தடவையே வார் பிய்ந்துவிட்டன. எஸ்டேட் கேட்டிலிருந்து அணைக்கட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், பாதி ஏற்றம். தோளில் தூக்கிக்கொண்டு போகிற தூண்டில் சரிப்படாது, பைக்குள் அடங்க வேண்டும்.

கயல் என்கிற அங்கயற்கண்ணி என் நாத்தனார். கணக்காகச் சொன்னால் முன்னாள் நாத்தனார். எனக்கும் அவள் அண்ணன் சொக்கலிங்கத்துக்கும் கோர்ட்டில் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. தீர்ப்பான மறு வாரம் என் கிரைண்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வந்த இடத்தில் அரிசி ஊறப்போட்டு, மாவாட்டி, மறுநாள் இட்லியும் அவித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சிறுமலை போவோமா மதினி என்று கேட்டாள். அன்று தொடங்கியது. வருடத்துக்கு மூன்று மலையாவது ஏறிவிடுகிறோம். சொக்கலிங்கத்தின் பேரை மட்டும் இந்த ஆறு வருடத்தில் இரண்டு பேரும் எடுத்ததில்லை. அப்படி ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது.


டிசம்பர் 7, வியாழன்

கீழவாசல் பக்கத்துத் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரரின் பார்சல்கள் எங்கள் தபால் நிலையத்துக்குத்தான் வரும், போஸ்ட் மாஸ்டர் அம்மா என்று நாற்காலி போட்டார். பையில் அடங்குகிற தூண்டிலில் இரண்டு ஜாதியாம். ஒன்று ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்விடும். மடக்கினால் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். இன்னொன்று நான்கு துண்டாகக் கழற்றுவது. கழற்றினாலும் ஐம்பத்தெட்டு.

ஏரியல் மாதிரியில் மணல் புகுந்தால் இறுகிக்கொண்டு மடங்காது, நடுவில் ஒரு கணு முறிந்தால் மொத்தமும் போச்சு என்றார். துண்டுத் தூண்டில் உறுதி, மீன் இழுப்பது கை வரைக்கும் தெரியும், ஆனால் குழாயில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். எது நல்லது என்று கேட்டேன். மீனைப் பொறுத்தது என்றார். என்ன மீன் என்று தெரியும், என்றைக்குப் பிடிப்போம் என்றுதான் தெரியாது என்றேன். வாங்குகிற முகம் இல்லை என்று முடிவு செய்து அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.


டிசம்பர் 10, ஞாயிறு

கயல் வந்திருந்தாள். ஒட்டடைக்கம்பில் ஒரு துண்டை நாற்பத்து நான்கிலும் இன்னொன்றை ஐம்பத்தெட்டிலும் நறுக்கி, பழைய பையில் வைத்து ஒத்திகை பார்த்தோம். குட்டைத் துண்டு உள்ளே போனதே தெரியவில்லை. நெட்டைத் துண்டோடு அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். மாவிலைத் தோரணம் அறுந்தது, நிலைப்படியில் டங்கென்று ஒரு இடி, காலண்டர் கீழே. இதோடு சோலைக்குள் குனிந்து போனால் காடு முழுவதையும் தோரணம் அறுத்துக்கொண்டே போவாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயது, பால் கம்பெனியில் தர ஆய்வாளர், ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்த பாலைக் கூடத் திருப்பி அனுப்புகிறவள் என்று அப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

போகும்போது ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இருபத்தாறாம் தேதிதானா மதினி? ஒரு வாரம் தள்ளிப் போனா ஆகாதா?"

லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, மேனேஜர் அனுமதியும் அந்தத் தேதிக்குத்தான் என்றேன். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். மலையில் பனி அதிகம் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது. தோள்வலி வேறு அவளுக்கு.


டிசம்பர் 16, சனி

கவுண்டர் அடைத்தபிறகு எடை பார்த்தேன். கடைக்காரர் இரண்டு தூண்டிலையும் ஒரு நாளைக்கு நம்பிக் கொடுத்திருந்தார். மடக்குத் தூண்டில் 195 கிராம். துண்டுத் தூண்டில் 160, அதன் குழாய் 210. குழாய் இல்லாவிட்டால் முறியும், குழாயோடு போனால் கனம். ரீல் 240. நரம்பு, முள், தக்கை, ஈயக்குண்டு எல்லாம் சேர்த்து 90.

மலையேறுகிறவர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. எனக்குப் பதினொன்றரை கிலோ வரை போகும். கயல் நாற்பத்தொன்பது கிலோ. அவள் பை ஒன்பது எண்ணூறைத் தாண்டக் கூடாது. இருபத்து மூன்று வருடமாகப் பார்சல் எடை போடுகிற எனக்கு கிராம் கணக்கு ரத்தத்தில் ஊறியது. அவளோ அரை கிலோ வெல்லம் கொண்டுவருவாள், கேட்டால் மலையில் தெம்பு வேண்டும் என்பாள்.

மடக்குத் தூண்டில்தான். இரண்டு.


டிசம்பர் 19, செவ்வாய்

கயல் போனை எடுக்கவில்லை. கம்பெனியில் ஆடிட் என்று பிறகு செய்தி அனுப்பினாள். ரீலில் நரம்பு எவ்வளவு சுற்றுவது என்று கேட்கத்தான் அழைத்தேன், வேறொன்றுமில்லை.


டிசம்பர் 23, சனி

முதுகுப்பை வாங்குவது எத்தனை லிட்டர் என்பதில் இல்லையாம். அது யாருக்கும் தெரிந்த கணக்கு, இரண்டு ராத்திரிக்கு நாற்பது போதும். முதுகின் நீளம்தான் முக்கியம். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை. அது பொருந்தாவிட்டால் கனம் முழுதும் தோளில் இறங்கிவிடும். கயலின் தோள்வலிக்குக் காரணம் இதுதான். ஆம்பளைகளுக்குச் செய்த பையை நெஞ்சில் கயிறு கட்டிக்கொண்டு சுமக்கிறாள்.

அவளிடமே அளவு கேட்டால் எதுக்கு மதினி செலவு என்பாள். அதனால் டெய்லர் ரஹ்மத்திடம் போனேன். எங்கள் இருவருக்கும் அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். நோட்டைப் புரட்டி முதுகு உயரம் முப்பத்தேழு சென்டிமீட்டர் என்றாள். இடுப்பெலும்புக்கு இன்னும் இரண்டு விரற்கடை சேர்த்தால் நாற்பத்தொன்று. என்னுடையது நாற்பத்தைந்து.

கொடியில் அரக்குப் பட்டு ஜாக்கெட் ஒன்று தொங்கியது, ஜரிகை வைத்துக் கட்டியிருந்தது. குத்தியிருந்த சீட்டில் கயல் பேரும், ஜனவரி 24க்குள் என்றும் எழுதியிருந்தது. பால் கம்பெனியில் யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது. ரஹ்மத் என் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு எனக்கு டீ சொன்னாள். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவள் வாங்கிக் கொடுத்த முதல் டீ.

வீட்டுக்கு வந்து பைகளுக்கு ஆர்டர் போட்டேன். நாற்பத்தொன்று ஒன்று, நாற்பத்தைந்து ஒன்று.


ஜனவரி 4, வியாழன்

கவுண்டர் கிளார்க் லீவு. நானே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குத் தணிகாசலம் சித்தப்பா, சொக்கலிங்கத்தின் சித்தப்பா, இரண்டு துணிப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். எழுபத்தைந்து வயது, கண் மங்கல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பது நான்தான் என்று கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றதால் முடியவில்லை.

மேலே இருந்த உறையில் மஞ்சள் தடவி, சொக்கலிங்கம் – சுகந்தி என்று அச்சடித்திருந்தது.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா," என்றார்.

"ஸ்டாம்பெல்லாம் சரியா ஒட்டியிருக்கீங்களா சித்தப்பா? இல்லேன்னா வாங்குறவுங்க காசு கட்டணும்."

நூற்று முப்பத்திரண்டு உறை. பதினொன்றில் பின்கோடு இல்லை, நானே எழுதினேன். அதில் நான்கைந்து வீட்டுக்கு நான் பொங்கல் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தவள், தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓர் உறை ஒட்டாமல் திறந்திருந்தது. தை 12, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள், திருப்பரங்குன்றம். ஒட்டிப் போட்டேன். மாலையில் முத்திரை குத்தும் வேலையையும் நானே செய்தேன். ஒன்றுகூட மங்கலாக விழவில்லை.

தை 12 என்றால் ஜனவரி 26.

கயலுக்கு உறை இல்லை. கூடப்பிறந்தவளுக்கு யார் தபாலில் பத்திரிகை வைப்பார்கள்.


ஜனவரி 5, வெள்ளி

நாற்பது லிட்டர் பை ஒரு ஆளுக்குத் தாராளம்.


ஜனவரி 7, ஞாயிறு

சொக்கலிங்கம் கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கெட்டவரில்லை. ஒரே வீட்டில் இருந்தால் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது, அவ்வளவுதான். நன்றாக இருக்கட்டும். இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், மூன்று முறையும் உண்மையாகத்தான் இருந்தது.

கயல் விஷயம் வேறு. அவருக்கு அவள் ஒரே தங்கை. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டையும் அவள்தான் போட வேண்டும். அவளுக்குப் பதில் ஆள் கிடையாது. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தவிக்கிறாள். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டாள், நான் லீவு விதி பேசினேன். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால், வரமாட்டேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாலும் சொல்லிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள். அதனால் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் அவளை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

போன் செய்தேன். இந்த வருடம் நான் தனியாகப் போகலாம் என்று பார்க்கிறேன், உனக்குத் தோள் சரியில்லை, பனியும் அதிகம் என்றேன்.

"சரிங்க மதினி."

"கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம்."

வைத்துவிட்டாள். பாரம் இறங்கியிருக்கும் அவளுக்கு.


ஜனவரி 11, வியாழன்

பைகள் வந்துவிட்டன. இரண்டும். ஒன்றை ரத்து செய்ய மறந்துவிட்டேன். நாற்பத்தொன்று அளவுப் பையில் ஈரம் உறிஞ்சுகிற முதுகுத் திண்டு, இடுப்புப் பட்டையில் சின்னதாக இரண்டு ஜிப் பைகள். ஒன்றில் வெல்லம் வைக்கலாம். பக்கவாட்டில் தூண்டிலைச் செருகி மேலே ஒரு பட்டை போட்டு இறுக்கிக்கொள்ளலாம், உள்ளேயும் படுக்கும். நான் போட்டுப் பார்த்தேன், எனக்குக் குட்டை. திருப்பி அனுப்பலாம், பத்து நாள் அவகாசம் இருக்கிறது.


ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஆறு வருடமாகக் கயல் வந்து பானை வைப்பாள். இன்று வரவில்லை. வாழ்த்துச் செய்தி வந்தது, பானைப் படத்தோடு, எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி ஒன்று. நானும் அதே மாதிரி ஒன்றை அனுப்பினேன். அரை ஆழாக்குதான் பொங்கினேன், அதிலும் மீதி.

என் கல்யாணத்தில் அவளுக்கு இருபது வயது. முடிச்சுப் போடச் சொன்னதும் பயத்தில் என் பின்முடியையும் சேர்த்து இறுக்கிவிட்டாள். தலையை நிமிர்த்த முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டோவில் எல்லாம் பணிவான மணப்பெண் மாதிரி இருப்பேன். அந்தக் கல்யாணத்தில் எனக்கு நின்றது கட்டியவர் இல்லை, இவள்தான். இப்போது இன்னொரு பெண் வரப்போகிறாள். அவளுக்கும் முடிச்சுப் போடுவாள், மதினி என்பாள், பொங்கலுக்கு அங்கே பானை வைப்பாள். அதுதான் முறை. கோர்ட்டில் எனக்கு நகையும் பாத்திரமும் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள், நாத்தனாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவள் வேண்டும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.


ஜனவரி 18, வியாழன்

இன்று மத்தியானம் கயல் தபால் நிலையத்துக்கு வந்தாள். வந்தவள் நேரே உள்ளே வரவில்லை. மற்றவர்களோடு பார்சல் வரிசையில் நின்றாள், கையில் சாக்குத் துணியில் தைத்த ஒரு பொட்டலம். எங்கள் கிளார்க் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்துபோய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பொட்டலத்தைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ நானூறு. அனுப்புநர் அங்கயற்கண்ணி, திருநகர். பெறுநர் என் பேர், என் வீட்டு விலாசம். இந்த மேசையிலிருந்து நாலு தெரு.

"என்ன இது?"

"கூடாரம். நீங்க தனியாப் போறீகள்ல. என்கிட்ட இருந்து என்ன செய்ய."

"இதைப் பார்சல்ல அனுப்புவாகளா? கொண்டாந்து குடுத்தா ஆகாதா?"

"வீட்டுக்கு வரலாமா வேணாமான்னு தெரியல மதினி."

கண் கலங்கவில்லை அவளுக்கு. கோபமாக இருந்தாள். நூற்று முப்பத்திரண்டு பத்திரிகை நான் முத்திரை குத்தி அனுப்பியதை அன்றே சித்தப்பா அவளிடம் சொல்லிவிட்டாராம். மூன்றாம் நாள் நான் போன் போட்டு இந்த வருடம் தனியாகப் போகிறேன் என்றிருக்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணம் என்றதும் மதினி தன்னையும் சேர்த்து உதறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு வழி விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் நான் கதவைச் சாத்தியதாக. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்து மரியாதை செய்திருக்கிறோம்.

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஆதார் கார்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். அவசரமில்லை, பேசுங்க என்றார். கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் கதை தெரியும் அல்லவா.

"எங்கண்ணனுக்கு நான் ஒருத்திதான் மதினி. நான் போடாம யாரு போடுறது?" என்றாள்.

"போடாதன்னு நான் சொன்னேனா? நல்லா இறுக்கிப் போடு. முடியை மட்டும் சேர்த்துக் கட்டிராத."

அவள் முகம் என்னவோ ஆயிற்று. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

"முகூர்த்தம் ஏழரைக்கு முடிஞ்சிரும். எஸ்டேட் கேட்டை ரெண்டு மணிக்குப் பூட்டிருவாக," என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தத் தடவையும் பாதியில் நிறுத்தினால் இன்னொரு பார்சல் வரும் என்று தோன்றியதால் சொல்லிவிட்டேன். "நீ இல்லாம எனக்குப் போகப் பிடிக்கல கயலு. போட்டுட்டு வா. நான் கேட்டுல நிக்கிறேன்."

தலையை ஆட்டினாள். கல்யாண வீட்டில் பால் பழம், மறுவீடு என்று விடுவார்களோ என்னவோ, வர முடியாமல் போனால் கோபிக்கக் கூடாது என்றாள். சத்தியமாக மாட்டேன் என்றேன். பொய்தான். பொட்டலத்தைப் பதிவு செய்யாமல் என் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அடுத்து அந்தப் பெரியவர் வந்தார், முகம் நன்றாக மலர்ந்திருந்தது.


ஜனவரி 21, ஞாயிறு

கயல் வந்தாள். நாற்பத்தொன்றைப் போட்டுப் பார்த்தாள். இடுப்புப் பட்டை எலும்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது, தோள் வார்களுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஏழு கிலோ அரிசியை உள்ளே வைத்து மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கினாள். தோள் வலிக்கவே இல்லையாம். என் அளவு எப்படி மதினி தெரியும் என்று கேட்டாள். கண்ணாலேயே எடுத்தேன் என்றேன். ரஹ்மத்தைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

மொட்டை மாடியில் தூண்டிலை நீட்டி வீசிப் பழகினோம். முதல் வீச்சில் அவள் பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு லுங்கியைப் பிடித்தாள். பேரில் மட்டும்தான் கயல்.


ஜனவரி 24, புதன்

கட்டி முடித்தாயிற்று. என்னுடையது பதினொன்று முந்நூறு, கூடாரம் என்னிடம். அவளுடையது ஒன்பது எழுநூறு. அதை அவளே கொண்டுபோய்விட்டாள், மண்டபத்திலிருந்து நேரே கிளம்ப வசதியாக. தூண்டில் இருவருக்கும் உள்ளேயே படுத்துவிட்டது. வெல்லம் கால் கிலோவாகக் குறைக்கப்பட்டது, பெரிய சண்டைக்குப் பிறகு.


ஜனவரி 26, வெள்ளி

கூடாரத்துக்குள் கைவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன், ஏழு மணிதான் ஆகிறது. கை விறைக்கிறது. இருந்தாலும் எழுதாமல் தூக்கம் வராது.

காலை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கிருந்து தாண்டிக்குடி, பிறகு ஜீப். பஸ் வத்தலக்குண்டை நெருங்கும்போது மணி ஆறே முக்கால். இந்நேரம் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்த அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருக்கட்டும் என்று மனதில் சொன்னேன், அவருக்கும் அந்த சுகந்திக்கும். பிறகு அவள் கிளம்பியிருப்பாளா என்ற ஒரே நினைப்புதான்.

பதினொன்றரைக்கு எஸ்டேட் கேட். போனில் சிக்னல் கோடே இல்லை. பன்னிரண்டு மணி ஜீப்பில் மிளகு வியாபாரிகள் இறங்கினார்கள். ஒன்று பத்து ஜீப்பில் ஓர் ஆட்டுக்குட்டியும் அதன் சொந்தக்காரரும். கேட் வாட்சர் வேலுச்சாமி நல்ல மனிதர், உட்கார ஒரு காபி மூட்டையைக் காட்டினார். ஐந்து மணிக்கு மேல் பாதையில் காட்டெருமை இறங்கும், இரண்டுக்கு மேல் ஆளை விட முடியாது என்றார். ஒன்றரைக்குப் பதிவேட்டை நீட்டினார். பேர், ஊர், எத்தனை பேர், ஒருவருக்கொருவர் என்ன உறவு. புது ஏற்பாடாம், போன வருடம் வெறும் கையெழுத்துதான். எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். உறவுக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

"ஒருத்தர்தானம்மா நிக்கிறீங்க," என்றார்.

"இன்னொருத்தர் வருவாங்க."

"வரலேன்னா?"

"வரலேன்னா ரெண்டை அடிச்சு ஒண்ணாக்கிருங்க."

கோபிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், கோபமே வரவில்லை. பிடித்து வைத்திருப்பார்கள், புது மதினியை வீட்டுக்கு அழைத்துப்போய் விளக்கேற்ற வைக்க வேண்டும், நாத்தனார் இல்லாமல் எப்படி. நியாயம்தான். நியாயமாக இருப்பதால் ஒன்றும் குறையவில்லை. பட்டையை இடுப்பில் இறுக்கி எழுந்து நின்றேன். தனியாகவாவது போய் அந்த மீனைப் பார்த்துவிட்டு வருவது என்று.

ஒன்று ஐம்பத்து மூன்றுக்குக் கீழே வளைவில் ஹார்ன் சத்தம். ஜீப் இல்லை. பால் வண்டி. அவள் கம்பெனியின் வண்டி தாண்டிக்குடிக்குப் பாக்கெட் பால் போடுகிறது, அதில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், கெஞ்சிக் கேட்டு இங்கே வரைக்கும் வண்டியை ஏறவைத்திருக்கிறாள். அரக்குப் பட்டுப் புடவை. தலையில் வாடாத மல்லிகை. காலில் மலையேறுகிற ஷூ. முதுகில் நாற்பத்தொன்று.

ஓடி வந்து மூச்சு வாங்கினாள். சுகந்தி என்ன ஏது என்று கேட்டாளாம், மீன் பிடிக்கப் போகிறேன், ஆள் காத்திருக்கிறது என்றாளாம். விளக்கு நானே ஏத்திக்கிறேன், நீங்க கெளம்புங்க என்று அந்தப் பெண்ணே வாசல் வரை வந்து அனுப்பினாளாம். எனக்கு அவள் மேல் பிரியம் வந்துவிட்டது, என்ன செய்ய.

வேலுச்சாமி புடவையையும் மல்லிகையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, கல்யாணத்துல இருந்தா வர்றீங்க?"

"ஆமாண்ணே. எங்க அண்ணன் கல்யாணம். இன்னிக்குக் காலையிலதான்."

பதிவேட்டைத் திருப்பினார். காலியாக இருந்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்க மதினி."

எழுதப் போனவர் நிறுத்தினார். அண்ணன் ஒருத்தர்தானா என்றார். ஒருத்தர்தான் என்றாள். பேனாவால் காதைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு இன்னிக்குக் கல்யாணங்குறீங்க. மதினி பதினொண்ணரையில இருந்து இங்க என்கூட உக்காந்திருக்காங்க. அப்ப அங்க மாலை போட்டுக்கிட்டு நின்னது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். கயல் என் பைவாரில் முறுக்கிக்கிடந்த ஒரு பட்டையை நேராக்கிவிட்டுக்கொண்டே, ஏதோ விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அது எங்க அண்ணன் பொண்டாட்டிண்ணே. இவுக எங்க மதினி."

வேலுச்சாமி கட்டத்தில் மதினி என்றே எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.